இருதயத்தில் லேசர் துளை: யாருக்கு, எதற்கு?

(கிளைச் சங்கக் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)

 

“லேசர் வைத்தால் நெஞ்சுவலி போய்விடுமாமே, நகையை அடகு வைக்கலாமா?” என்று கேட்கிறார்கள். அடகுக் கடைக்குப் போகுமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

இருதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாயில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், மேட்டில் ஏறும்போதும் பாரம் தூக்கும்போதும் நெஞ்சு அமுக்கும். இதற்கு முதலில் மருந்து. அதற்கு மேல் பலூன் வைத்துக் குழாயை விரித்தல் அல்லது பைபாஸ் அறுவை. லேசர் அந்த அடைப்பை நீக்குவதன்று. விலா எலும்புகளுக்கிடையே திறந்து, துடிக்கும் இருதயத்தின் இடது அறைச் சுவரில் சுமார் 1 மில்லிமீட்டர் அகலத் துளைகள் 20 முதல் 40 வரை போடுவார்கள். வெளிவாயை விரலால் அழுத்த, இரத்தம் உறைந்து மூடிக்கொள்ளும்.

ஊர்வனவற்றின் இருதயத்தில் அறையிலுள்ள இரத்தமே தசைக்குள் நேராகப் பாய்கிறது. அதைக் கண்டு பம்பாய் டாக்டர் பி. கே. சென் குழுவினர் 1965-இல் ஊசியால் துளையிடும் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பின்னர் ஊசியின் இடத்துக்கு லேசர் வந்தது. 1998-இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

பலன் என்ன? பலருக்கு வலி குறைந்தது மெய். ஆனால் வெட்டிய பட்டை வளர்ந்து மூடுவதுபோல் துளைகள் விரைவிலேயே தூர்ந்துவிடுகின்றன. ஆயுள் கூடும் என்பதற்கு உறுதியான சான்றில்லை.

நெஞ்சைத் திறக்காமல், தொடைக் குழாய் வழியே லேசர் செலுத்தும் முறையும் உண்டு. அதை 298 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2005-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு லேசர் செலுத்தாமல், செலுத்தியது போன்ற பாவனை மட்டுமே. யாருக்கு எது என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினர்! நம்பிக்கையே வலியைக் குறைத்திருக்கிறது. 2009-இல் பிரிட்டனின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் இவ்விரு முறைகளும் வேண்டாமென்றது.

ஆகவே யாராவது லேசர் என்றால் கேளுங்கள்: மருந்து முழு அளவில் கொடுத்தாயிற்றா? பலூனும் பைபாஸும் ஏன் ஆகாது? இது வலிக்கா, ஆயுளுக்கா? கேட்பது மரியாதைக் குறைவன்று; நம் உரிமை.

கடைசியாக ஒன்று. நெஞ்சுவலி ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால், பாலை நிறுத்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்றையக் கூலி போனால் சங்கம் பேசும். உயிர் போனால் யார் பேசுவது?