படிவத்தை நீட்டினால் கை ஏன் இறங்குகிறது?

உடல் உறுப்பு தானம் நல்லதா என்று கேட்டால் இங்கே எல்லாக் கையும் உயரும். படிவத்தை நீட்டினால் பாதி இறங்கிவிடும். ஏன் இப்படி என்று பல வருடங்களாக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத் தொடர்பியல் பேராசிரியர் சூசன் மோர்கன்.

விவரம் தெரியாததுதான் காரணம் என்று நாம் நினைப்போம். மோர்கனும் சக ஆய்வாளர்களும் கண்டது வேறு. கையெழுத்துப் போட்டால் சாவைக் கூப்பிட்ட மாதிரி ஆகுமோ? உடம்பு முழுசாகப் போக வேண்டாமா? உறுப்புக்காக டாக்டர் நம்மைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டால்? இந்தப் பயங்கள்தான் குறுக்கே நிற்கின்றன. (நம் வீட்டில் "அபசகுனமாப் பேசாதே" என்பார்களே, அதேதான்!) அமெரிக்க டிவி தொடர்களையும் அலசி, 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உறுப்புத் திருட்டு, கெட்ட டாக்டர் என்று விறுவிறுப்புக்காக வைத்த கதைகள் அவற்றில் ஏராளம். அந்தப் பயத்துக்கு வெறும் புள்ளிவிவரம் மருந்தாகாது.

நம் ஊரில், நீங்கள் உறுதிமொழி கொடுத்திருந்தாலும், மூளைச்சாவுக்குப் பிறகு குடும்பத்தின் சம்மதம் கேட்டுத்தான் உறுப்புகளை எடுக்கிறார்கள். ஐசியூ வாசலில் அழுதுகொண்டிருக்கும் உங்கள் மனைவியோ மகனோ சில மணி நேரத்தில் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் விருப்பம் தெரியாவிட்டால் "வேண்டாம்" என்பதுதான் அவர்களுக்குச் சுலபம்.

டாக்டர் மேல் சந்தேகம் என்றால் இதைச் சொல்லுங்கள்: நம் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவை உறுதி செய்ய முடியும்.

இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் பேச்சை எடுங்கள். யாராவது அதட்டினால் வாதாட வேண்டாம். எது பயமாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். படிவம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது.