விளம்பரமும் வேடமும்



விற்பவன் தன் பொருளின் சிறப்பை எடுத்துரைத்தல் உலக வழக்கு. சந்தையிலே கூவி விற்றல் குற்றமன்று. மற்றொருவர் பெயரைச் சூடிக்கொண்டு விற்றலே குற்றம். இணையத்தில் இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் எளிதன்று.

நாம் ஒரு மென்பொருளையோ வங்கியையோ நாடித் தேடுபொறியில் அதன் பெயரை எழுதுகின்றோம். விடைகளின் உச்சியில் நிற்பது பல வேளைகளிற் காசு கொடுத்து வாங்கப்பட்ட இடம். வஞ்சகன் அவ்விடத்தை வாங்கி, ஓரெழுத்து மட்டும் மாறிய முகவரியுடன், அசலை ஒத்த பக்கமொன்றை விரித்து வைக்கின்றான். அங்கே நாம் இடும் கடவுச்சொல் அவன் கைக்குப் போகின்றது. நாம் தரவிறக்குவது நச்சு நிரலாகின்றது.

நற்பெயர் பெற்ற தளமாயின் அச்சமில்லை என்பாருளர். 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயோர்க் ரைம்ஸ், பீ.பீ.சீ. முதலியவற்றின் பக்கங்களிலும் நச்சு விளம்பரங்கள் புகுந்தன. காரணம் யாது? அச்சுப் பத்திரிகையில் விளம்பரத்தைப் பார்த்து ஏற்பவர் ஒருவர் இருப்பார். இணையத்திலோ, பக்கம் திறக்கும் கண நேரத்துள் அவ்விடம் இயந்திரங்களுக்கிடையே ஏலம் போகின்றது. எவ்விளம்பரம் வரும் என்பதைப் பத்திராதிபரே அறியார்.

இதற்கு ஒரு காப்பு விளம்பரத் தடுப்பான். உலாவியோடு இணையும் இச்சிறு நிரல், விளம்பர வழங்கிகளின் பட்டியலொன்றை வைத்துக்கொண்டு, அவற்றுடன் தொடர்பு ஏற்படாமல் தடுக்கின்றது. 2022 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகமே, போலித் தேடல் விளம்பரங்களைப் பற்றி எச்சரித்து, இதனைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுரை கூறியது.

ஆயின், விளம்பர வருவாயால் வாழும் நேர்மையான பத்திரிகையின் கதி என்ன? இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 2018இல் ஜேர்மனியின் சமஷ்டி உயர் நீதிமன்றம், பெரும் பதிப்பகமொன்று தொடுத்த வழக்கில், தடுப்பானை வழங்குதல் முறையற்ற போட்டியாகாது என்று தீர்த்தது. சட்டம் இடந்தரினும் நன்றி மறத்தல் தகாது. நாள்தோறும் வாசித்துப் பயன்பெறும் தளத்துக்குத் தடுப்பானில் விலக்களிக்கலாம். இயன்றவர் சந்தா செலுத்துதல் அதனினும் பாதுகாப்பானது.

வேலியிட்ட கமக்காரன் தோட்டத்தைப் பாராதிருப்பதில்லை. மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வரும் வஞ்சகத்தைத் தடுப்பான் நிறுத்தாது. ஆதலின் வங்கியின் முகவரியை நாமே எழுதித் திறத்தல் நன்று. பாடசாலையில் மாணவர்க்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்பிக்கின்றோம். இணைய முகவரியையும் அவ்வாறே எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்பித்தல் வேண்டும். அவர்கள் அதனை வீட்டிலுள்ள முதியோருக்குச் சொல்லிக்கொடுப்பாராயின், அது பரீட்சையிற் பெறும் புள்ளியினும் பெரிய பயனாகும்.