தங்க நாணயமும் ஆட்சியின் நாணயமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊரை விட்டு வந்து உழைக்கும் நாம், நாலு காசு மிஞ்சினால் அதைக் குண்டுமணித் தங்கமாக்கி வைக்கிறோம். ஆபத்துக்கு உதவும் என்பது நம் வீட்டுக் கணக்கு. இதே கணக்கு, மதிப்பிழந்த ஒரு நாட்டின் நோட்டைத் தூக்கி நிறுத்தவும் உதவுமா? ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே அதைச் செய்து பார்த்தது.

அந்நாட்டு அரசாங்கம் செலவுக்குப் போதாதபோதெல்லாம் நோட்டை அச்சடித்தது. 2009 ஜனவரியில் ஒரே நோட்டில் 100 இலட்சம் கோடி டாலர் என்று போட்டார்கள். ஒன்றுக்குப் பின் 14 சுழி! அவ்வாண்டே சொந்தப் பணத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலரைப் புழங்கவிட்டார்கள். உழைத்தவர்கள் வங்கியில் சேர்த்ததும் ஓய்வூதியமும் காற்றில் கரைந்தன. 2019-இல் சொந்த டாலர் திரும்பியது. பழைய நோயும் கூடவே வந்தது. 2022 ஜூனில் விலைவாசி, முந்தைய ஆண்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு!

அந்த நிலையில்தான், 2022 ஜூலை 25-இல், அவர்களுடைய ரிசர்வ் வங்கி 22 காரட் தங்க நாணயம் வெளியிட்டது. எடை ஓர் அவுன்சு. நம் கணக்கில் சுமார் 4 பவுன். மக்கள் கறுப்புச் சந்தை டாலரைத் தேடி ஓடாமல் தங்கம் வாங்குவார்கள், மிதமிஞ்சிய நோட்டு வங்கிக்குத் திரும்பும் என்பது திட்டம்.

விலை என்ன தெரியுமா? 1,800 அமெரிக்க டாலருக்கு மேல்! பின்னர், 10-இல் ஒரு பங்கு அவுன்சு வரை சிறிய நாணயங்களும் வந்தன. அன்றாடங்காய்ச்சிக்கு அதுவும் எட்டாக்கனிதான். அந்நாட்டுத் தங்கத்தில் பெரும்பங்கைத் தோண்டுகிறவர்கள் சிறு சுரங்கத் தொழிலாளர்கள். தோண்டியவன் கையில் காகிதம், வசதி படைத்தவன் பெட்டியில் தங்கம்!

ஒன்று கேட்கிறோம். உங்கள் கையில் தங்கமும் நோட்டும் இருந்தால் கடையில் எதை நீட்டுவீர்கள்? நோட்டைத்தான். தங்கம் பெட்டிக்குள் போகும். நோட்டு கைமாறிக் கைமாறித் தேயும். அங்கேயும் அதுவே நடந்தது. நாணயம், வாங்கியவரின் சேமிப்பைக் காத்தது, நோட்டைக் காக்கவில்லை. 2023 நடுவில் ஜிம்பாப்வே டாலர் மீண்டும் சரிந்தது.

2024 ஏப்ரலில், தங்கத்தையும் அந்நியச் செலாவணியையும் ஈடாக வைத்து ‘ஜிக்’ என்ற புதுப்பணம் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த அரசாங்கத்தின் பாஸ்போர்ட் அலுவலகமே அப்போது அமெரிக்க டாலர்தான் கேட்டது! தன் பணத்தைத் தானே வாங்க மறுத்தால் ஊரார் நம்புவார்களா? அதே செப்டம்பரில் ஜிக்கின் மதிப்பை 43 சதவீதம் குறைத்தார்கள்.

தோழர்களே! தமிழில் ‘நாணயம்’ என்றால் காசும்தான், சொன்ன சொல் தவறாமையும்தான். இரண்டாவது இல்லாத ஆட்சி முதலாவதைத் தங்கத்தில் வார்த்தாலும் நிற்காது. அச்சடிப்பதற்கு ஒரு வரம்பு, கணக்கில் ஒளிவுமறைவின்மை, விலைவாசிக்கு ஏற்ற கூலி: பணத்தின் மேல் நம்பிக்கை வர இவைதான் வழி. எந்த அரசாங்கத்திடமும் நாம் கேட்க வேண்டியதும் இவற்றையே.