மிடறு இறங்க மறுக்கும்போது
(ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'மிடறு' என்றால் தொண்டை. ஒரு தடவை விழுங்கும் அளவையும் 'ஒரு மிடறு' என்கிறோம். ஆலகால நஞ்சை மிடற்றிலே நிறுத்திய இறைவனை நீலகண்டன் என்று வணங்குகிறோம். நமக்கோ நஞ்சு வேண்டாம், ஒரு கவளம் சோறு நின்றாலே மூச்சு முட்டிவிடுகிறது. ஆகவே தொண்டை இறுக்கத்தைப் பற்றியும் விழுங்குவதில் வரும் சிரமத்தைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லேன். பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைப் பாடம் போலச் சொல்கிறேன்.

விழுங்குவது எளிய செயல் போலத் தோன்றும். மென்ற உணவை நாக்கு பின்னே தள்ளும் அந்த நொடியில் மூக்கின் வழி அடைபடுகிறது. குரல்வளை மேலே எழும்புகிறது. மூச்சுக்குழாயின் வாயை ஒரு சிறு மூடி மறைக்கிறது. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. பிறகு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக, சுமார் 10 விநாடிகளில் உணவு இரைப்பையைச் சேர்கிறது. இந்த ஒழுங்கு சற்றுப் பிசகினால் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுகிறோம். தலையில் தட்டுவதால் பயன் இல்லை. இருமுகிறவரை இருமவிட வேண்டும். இருமவும் பேசவும் முடியாமல் திணறினால், அவரை முன்னே சாய்த்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். அடைத்தது வராவிட்டால், பின்னால் நின்று மேல் வயிற்றை 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். உடனே 999 எண்ணை அழைக்கவும் வேண்டும்.

அன்பர்களே, தொண்டைத் தொல்லையில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே முக்கியம்.

முதல் வகை, தொண்டையில் ஓர் உருண்டை நிற்பது போன்ற உணர்வு. எச்சில் விழுங்கும்போது தெரியும். சோறு உண்ணும்போது மறைந்துவிடும். கவலை, துக்கம், பயம் இவற்றால் தொண்டைத் தசைகள் இறுகுவது உண்டு. தேர்வு நாள் காலையில் சில மாணவர்களுக்கு இட்லிகூட இறங்காததை ஆசிரியர்கள் எல்லாரும் கண்டிருப்பார்கள். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நம் முன்னோர் சொன்னது வெறும் அலங்காரம் அல்ல. இரைப்பையின் அமிலம் மேலே ஏறுவதும் மற்றொரு காரணம். இரவு பதினொரு மணிக்கு நாசி கண்டாரும் தே தாரிக்கும் முடித்துவிட்டு நேரே படுக்கைக்குப் போகும் நம் பினாங்கு வழக்கத்திற்கு இதில் பங்கு உண்டு.

இதற்குச் செய்யக்கூடியவை எளியவை. படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே உணவை முடித்துக்கொள்ளுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களை 15 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். அடிக்கடி கனைத்துக் கனைத்துத் தொண்டையைப் புண்ணாக்காமல், ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். தோள்களைத் தளர்த்தி மெதுவாக மூச்சு விடுங்கள். மாத்திரைகளை நிமிர்ந்து உட்கார்ந்து நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். விழுங்கிய உடனே படுக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. நமது தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளில் ஏறும்போது தொண்டை இறுகி, நின்று இளைப்பாறினால் சரியாகிறது என்றால், அது தொண்டை நோயாக இல்லாமல் இதய நோயாக இருக்கலாம். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவது வகை, உண்மையாகவே உணவு இறங்காமல் நிற்பது. முதலில் இறைச்சியும் ரொட்டியும் சிக்கும், பிறகு சோறு, பிறகு கஞ்சியும்கூட. இப்படி நாளுக்கு நாள் கூடினால் மனக்கவலை என்று ஒதுக்கக் கூடாது. உடல் மெலிவு, விழுங்கும்போது வலி, 3 வாரத்திற்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காது வலி, எச்சிலில் இரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்டினால், தேவைப்படும்போது பினாங்கு பொது மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள். இரத்தச் சோகை உள்ள பெண்களுக்கும் உணவுக்குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்து இத்தொல்லை வருவது உண்டு. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

வரலாற்றிலிருந்து இரண்டு பெரியவர்களைச் சொல்கிறேன். நம் ஊர் ஸ்காட்லாந்து சாலையில் பகவான் இராமகிருஷ்ணர் பெயரில் ஆசிரமம் இருக்கிறது. அவருக்கு 1885ஆம் ஆண்டு தொண்டை வலி தொடங்கியது. அதிகம் பேசுகிறவர்களுக்கு வரும் சாதாரண வலி என்றே முதலில் எண்ணினார்கள். அது புற்றுநோய். கடைசி மாதங்களில் கஞ்சிகூட இறங்காமல், 1886 ஆகஸ்ட் 16இல் மறைந்தார். அடுத்து அறிஞர் அண்ணா. உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டு 1968இல் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள், 59ஆம் வயதில் மறைந்தார். புகையிலை மெல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது.

இங்கே தாம்பூலத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மங்கலத் தட்டில் வெற்றிலை பாக்கு இருக்கட்டும்; அது நம் மரபு. ஆனால் நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கிக்கொள்வது வேறு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் உறுதியாகக் கூறியிருக்கிறது. இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே மிகுதி. நம் பாட்டிமார்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்வது பேரப்பிள்ளைகளின் கடமை.

கடைசியாக, பக்கவாதம் கண்ட பெரியவர்கள். அவர்களில் பலருக்கு விழுங்கும் ஒழுங்கு கெட்டுவிடும். தண்ணீரே நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சலை உண்டாக்கும். படுத்திருப்பவர் வாயில் அன்பினால் பாலையோ தீர்த்தத்தையோ ஊற்றாதீர்கள். நனைத்த துணியால் உதட்டைத் தொட்டால் போதும். இறைவன் அதையும் ஏற்பான். உணவு தரலாம் என்று மருத்துவமனையில் சொன்னால், நேராக உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுங்கள். கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைப் பேச்சுப் பயிற்சி நிபுணர் சொல்லிக் கொடுப்பார்.

அன்னதானத்திற்கு அள்ளித் தரும் நன்கொடையாளர்களே, பந்தியில் பரிமாறும் தொண்டர்களே, ஒரு வேண்டுகோள். விழுங்க முடியாதவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. "பசியில்லை" என்பார்கள், ரசத்தை மட்டும் குடித்துவிட்டு இலையை மூடிவிடுவார்கள். வாரந்தோறும் சோற்றை ஒதுக்கும் முதியவரைக் கண்டால், இன்னும் ஒரு கரண்டி போடுவதற்கு முன், பக்கத்தில் அமர்ந்து, "ஐயா, சோறு இறங்குகிறதா?" என்று கேளுங்கள். இறங்கவில்லை என்றால் குழைந்த சோறு கொடுங்கள். மறுநாள் மருத்துவரிடம் அழைத்துப் போக ஆள் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் காப்பாற்ற வழி உண்டு.

எல்லாரும் இன்புற்று வாழ்க.