காற்றும் நீரும் வகுக்கும் வழி: மட்டாஞ்சேரியின் மிதிவண்டிச் சாலைகள்

மிதிவண்டியில் நெடுந்தூரம் செல்வதை உடற்பயிற்சியாகவோ விளையாட்டாகவோ மட்டும் கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆயினும், எங்கே தொடங்குவது, எந்தச் சாலையை எந்த வேளையில் கடப்பது, நீர்ப்பரப்பை எவ்விடத்தில் தாண்டுவது, எந்தத் திசையில் திரும்புவது என்று முன்னதாகவே வழியை வகுக்கும் பணி தனியொரு கலையாக மதிக்கத் தக்கது. கொச்சியின் மேற்குப் பகுதியான மட்டாஞ்சேரியிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் செல்லும் கடலோரச் சாலைகள் அக்கலையை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றவை.

ஏறத்தாழ 590 கிலோமீட்டர் நீளமுள்ள கேரளக் கடற்கரை எங்கும் ஒரே தன்மையுடையதன்று. தெற்கே வர்க்கலையில் செம்புரைப்பாறைக் குன்றுகள் செங்குத்தாகக் கடலை நோக்கி நிற்க, கொச்சியை ஒட்டிய கரையோ மேடு என்று சொல்லத்தக்க எதுவுமில்லாத தாழ்ந்த மணல்திட்டாக, ஒருபுறம் அரபிக்கடலும் மறுபுறம் காயலும் சூழ ஒடுங்கிக் கிடக்கிறது. மலைச்சாலையில் ஏற்றத்தால் வரும் சோதனை இங்கே காற்றால் வருகிறது. விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய நிலக்காற்று வீசும். வெயில் ஏறி நிலம் சூடானபின் திசை மாறிக் கடற்காற்று எழும். கோடைப் பிற்பகல்களில் அது பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வலுவாக வீசுவதால், காலையில் வடக்கே சென்று பின்னர் தெற்கு நோக்கித் திரும்புபவருக்குக் காற்று துணையாகிறது. தெற்கே சென்று நண்பகலுக்குப்பின் வடக்கு நோக்கித் திரும்புபவர் அதே காற்றை எதிர்த்து மிதிக்க நேர்கிறது.

இக்காரணத்தால் முதலில் வகுக்கத் தக்கது வடக்கு வழியாகும். மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் சுமை லாரிகள் வந்து நிற்பதற்கு முன்பே புறப்பட்டு, போர்ட் கொச்சியின் படகுத்துறையில் ஜங்கார் எனப்படும் வண்டிப் படகில் மிதிவண்டியுடன் ஏறினால், துறைமுக வாயிலைக் கடந்து சிறிது நேரத்தில் வைப்பின் தீவை அடையலாம். 1341-ஆம் ஆண்டின் பெரியாற்று வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் வாயிலைத் திறந்தது என்றும், அவ்வெள்ளம் கொணர்ந்த வண்டலால் வைப்பின் நிலம் உருவாயிற்று என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். ஆகவே, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தீவின் சாலையில் செல்பவர், கொச்சியை ஒரு துறைமுகமாக ஆக்கிய அதே நிகழ்வின் மீது பயணம் செய்கிறார் எனலாம். செராயில் கடலும் காயலும் சாலைக்கு இருபுறமும் மிக அருகே வந்துவிடுகின்றன. பள்ளிப்புறத்தில் 16-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் எழுப்பிய அறுகோணக் கோட்டை நிற்கிறது. பெரியாற்று முகத்துவாரத்தில் உள்ள முனம்பம் மீன்பிடித் துறைமுகத்தோடு தீவு முடிகிறது.

வந்த வழியே திரும்பாமல் கைத்தறிக்குப் பெயர்பெற்ற சேந்தமங்கலம், வராப்புழை, கடமக்குடி ஆகிய ஊர்கள் வழியாகத் திரும்புவதே இவ்வழியை வகுப்பவரின் திறனைக் காட்டும் இடமாகும். இங்குள்ள பொக்காளி வயல்களில், உப்பைத் தாங்கி வளரும் உயரமான நெல்வகை ஜூன் மாதவாக்கில் விதைக்கப்பட்டு அக்டோபரில் அறுவடையாகிறது. அதன்பின் காயல் நீரை உள்ளே விட்டு, ஏப்ரல் வரை அதே நிலத்தில் இறால் வளர்க்கின்றனர். இதனால் ஆகஸ்டில் பசுமையாகத் தோன்றும் அதே பாதை ஜனவரியில் இருமருங்கும் நீர்ப்பரப்பாக மாறிவிடுகிறது. வழி ஒன்றாயினும் அது காட்டும் நாட்டுப்புறம் இரண்டு. 2004-இல் திறக்கப்பட்ட கோஸ்ரீ பாலங்கள் இத்தீவுகளை எர்ணாகுளத்தோடு இணைத்தபின், படகை மட்டும் நம்பாமல் சுற்றுவழியாகத் திரும்புவதும் எளிதாயிற்று.

தெற்கு வழி நீளமானது. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் தொழில் செய்யும் வெளி என்னும் பகுதியைத் தாண்டி, கண்ணமாலி, செல்லானம், அந்தகாரநழி, அர்த்துங்கல், மாராரி வழியாக ஆலப்புழை வரை 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல் செல்லும் இச்சாலை, 1862-இல் ஒளியேற்றப்பட்ட ஆலப்புழைக் கலங்கரை விளக்கத்தின் அருகே முடிகிறது. அர்த்துங்கல் தேவாலயத்தில் ஜனவரியில் புனித செபஸ்தியார் திருவிழா நடைபெறுவதோடு, சபரிமலையிலிருந்து திரும்பும் பக்தர்கள் அங்கே மாலையைக் கழற்றும் வழக்கமும் இருப்பதால், அம்மாதத்தில் சாலை பக்தர்களுக்கு உரியதாகிறது என்பதை வழி வகுப்பவர் அறிந்திருக்க வேண்டும். ஆலப்புழைக் கரையில் மழைக்காலத்தில் சாகர என்னும் நிகழ்வு ஏற்படுவதுண்டு. நுண்ணிய சேறு நீரில் கலந்து அலையை அடக்க, அமைதியான அப்பகுதியில் மீன்கள் திரளும்போது கரையே சந்தையாகிவிடுகிறது. அக்காலத்தில் விரைவாகச் செல்ல விரும்புபவர் உள்சாலையைத் தேர்வதே முறை.

நெடுந்தூரப் பயணத்துக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட ஓர் அளவுகோல் உண்டு. பிரெவே எனப்படும் இப்பயணத்தில் போட்டி இல்லை. பிறர் உதவியின்றி, 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள்ளும், 300 கிலோமீட்டரை 20 மணிக்குள்ளும், 600 கிலோமீட்டரை 40 மணிக்குள்ளும் கடக்க வேண்டும். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ரண்டோனர்ஸ் அமைப்பு இதனை நடத்துகிறது. இவ்வளவுகோல் பொறுமையையும் தற்சார்பையும் வளர்க்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொலைவையும் நேரத்தையும் மட்டும் அளக்கும் எந்த முறையும் கொச்சிக் கரைக்குப் போதுமானதாகாது. ஜங்காருக்காகக் காத்திருக்கும் கால் மணி நேரம் அக்கணக்கில் இழப்பாகவே பதிவாகும், இங்கோ நீரைக் கடப்பது பயணத்தின் உயிர்நிலை.

இச்சாலைகளின் எதிர்காலத்தைக் கடலே தீர்மானிக்கிறது என்பது மறக்கத் தகாதது. 2017-இல் ஒக்கி புயலின்போதும், 2021-இல் டவ்தே புயலின்போதும் செல்லானத்தில் கடல்நீர் வீடுகளுக்குள் புகுந்தது. பின்னர் 2022-இல் தொடங்கிய பணியில், டெட்ராபாட் எனப்படும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி, 7 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்குத் தடுப்புச்சுவர் எழுப்பப்பட்டது. சுவர் எழுந்த இடத்தில் வீடும் சாலையும் காக்கப்படுகின்றன. அதே வேளையில் பல இடங்களில் சாலையிலிருந்து கடல் மறைந்துவிட்டது. கரைவாழ் மக்களின் பாதுகாப்பு பயணியின் காட்சியைவிடப் பெரியது என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது.

ஆகவே, நல்ல கடலோர வழியை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும்: காற்றின் திசைமாற்றத்துக்கு இசைய அது அமைந்துள்ளதா, நீரைக் கடக்கும் இடங்களைத் தடையாகக் கொள்ளாமல் வழியின் பகுதியாகக் கொள்கிறதா, மீனவரும் உழவரும் தொழிலாளரும் சாலையைப் பயன்படுத்தும் வேளையில் அவர்களுக்கு வழிவிடுகிறதா. மட்டாஞ்சேரியிலிருந்து செல்லும் வடக்கு வழி முதலிரு கேள்விகளுக்கும் நிறைவான விடை தருகிறது. மூன்றாவதற்குச் சாலை மட்டுமே விடை தர இயலாது. அது மிதிப்பவரின் பண்பையும், கரைச்சாலைகளைப் புதுப்பிக்கும்போது பள்ளி மாணவரும் கூலித்தொழிலாளரும் அன்றாடம் செலுத்தும் மிதிவண்டிக்கு ஓரத்தில் இடம் ஒதுக்கும் அரசின் அக்கறையையும் பொறுத்தது. அவ்விடம் ஒதுக்கப்படுமானால், இக்கரையில் பொழுதுபோக்குக்காக மிதிப்பவரும் பிழைப்புக்காக மிதிப்பவரும் ஒரே சாலையை அச்சமின்றிப் பகிர்ந்துகொள்ள முடியும்.