சத்தம் கூடினா தரம் கூடுமா?

லட்சக்கணக்குல போட்டு ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? இதைக் கேட்டுட்டுப் போங்க.

கெஃப் எல்எஸ்50, 2012-ல வந்த சின்னப் பெட்டி; சென்சிட்டிவிட்டி 85 டெசிபல். கிளிப்ஷ்ஹார்ன், 1946-லேர்ந்து வர்ற, அறை மூலையையே அடைக்கிற பெட்டி. 105 டெசிபல்னு சொல்றாங்க. விலையும் பல மடங்கு.

அந்த 20 டெசிபலை ஈடுகட்ட கெஃபுக்கு 100 மடங்கு பவர் வேணும். வால்யூமை மாத்தாம ரெண்டையும் கேட்டா கிளிப்ஷ்ஹார்ன்தான் ஜெயிக்கும். ஏன்னா, சத்தம் அதிகமா இருந்தாலே நம்ம காது அதை 'நல்லா இருக்கு'ன்னு நம்பிடும்.

அதனால கடையில முதல்ல ரெண்டோட சத்தத்தையும் சமமா வைக்கச் சொல்லுங்க. அப்புறம் உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்க.

எனக்குக் குரல்தான் முக்கியம். கண்ணை மூடினா பாடுறவர் எதிர்ல நிக்கணும். அதுக்குக் கெஃபே போதும். டிரம்ஸ் நெஞ்சுல இறங்கணும்னா நீங்க கிளிப்ஷ் கட்சி.

காதும் உங்களது, இஎம்ஐயும் உங்களது!