கட்டிலருகே கேட்ட கேள்வி

சுயசரிதை நூலொன்றைப் பற்றிப் பேசுமாறு கேட்கப்பட்டபோது, அரசியல் தலைவர்களையும் எழுத்தாளர்களையும் விட்டுவிட்டு ஒரு மருத்துவத் தாதியின் நூலை எடுத்துக்கொண்டேன். மார்கரெட் சாங்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1938இல் வெளியிட்ட நூல் அது. கருத்தடை இயக்கத்தின் முன்னோடியாக அவரை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். அவர் ஒரு சமயஞ்சாரா மானிடவாதி என்பது நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்க மானிடவாதச் சங்கம் 1957இல் அவரை அவ்வாண்டின் மானிடவாதியாகத் தெரிவுசெய்து கௌரவித்தது.

இதன் தொடக்கம் நியூயோர்க் மாநிலத்தின் கோர்னிங் என்ற சிறு நகரில் இருக்கிறது. 1879இல் அங்கு பிறந்தார் மார்கரெட். தந்தையார் மைக்கல் ஹிக்கின்ஸ் கல்லறைகளுக்குத் தேவதைகளையும் புனிதர்களையும் செதுக்கிப் பிழைத்தவர். ஆனால் அவற்றில் அவருக்கு நம்பிக்கையில்லை. சமயங்களை விமர்சித்துப் பேசிப் புகழ்பெற்ற றொபேட் இங்கர்சோலை ஒருமுறை ஊருக்கு அழைத்தார். மண்டபம் பூட்டப்பட்டது. திரண்ட கூட்டம் காய்கறிகளை வீசியது. மனிதர் அசரவில்லை, காட்டுப்பக்கம் கூட்டிச்சென்று பேச வைத்தார். அதன்பின் கத்தோலிக்க மயானத்தில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. வீட்டுப் பிள்ளைகளைச் சாத்தானின் பிள்ளைகள் என்று ஊரார் ஏசினர்.

தாயாரோ 18 தடவை கருவுற்றவர். உயிரோடு பிறந்தவை 11. 1899இல் காசநோயால் இறந்தார். தந்தையாரின் சுதந்திர சிந்தனை அடுப்படி வரை வரவில்லை என்றே எனக்குத் தோன்றியது. என் அம்மம்மாவும் பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை.

நூலின் உயிர் 1912ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்றில் இருக்கிறது. நியூயோர்க்கின் கிழக்குப் பகுதிச் சேரியில், குடியேறிய ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பணிபுரிகிறார் சாங்கர். சேடி சாக்ஸ் என்ற பெண் தானே கருவைக் கலைக்க முயன்று சாகக் கிடக்கிறாள். வாரக்கணக்கில் பக்கத்திலிருந்து அவளைப் பிழைக்க வைக்கிறார். இனிப் பிள்ளை உண்டாகாமலிருக்க என்ன செய்யலாம் என்று அவள் வைத்தியரிடம் கேட்கிறாள். கணவனைக் கூரையில் படுக்கச் சொல் என்று பகிடி விட்டுப் போகிறார் அவர். அவள் தாதியின் முகத்தைப் பார்க்கிறாள். தாதியிடமும் விடையில்லை. சில மாதங்களின் பின் மீண்டும் அழைப்பு வருகிறது; இம்முறை அவள் பிழைக்கவில்லை.

சேடி சாக்ஸ் ஒரே பெண்தானா, அல்லது பலரைச் சேர்த்து உருவாக்கப்பட்டவளா என்று ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். சாங்கர் இக்கதையை மேடைதோறும் சொன்னவர். சொல்லச் சொல்ல அது மெருகேறியிருக்கும். நான் அதைப் பெரிய குற்றமாகக் கொள்ளவில்லை. அந்தக் கேள்வி பொய்யல்ல.

பிறகு நடந்தவை விரைவானவை. கருத்தடைத் தகவலைத் தபாலில் அனுப்புவதை 1873ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. 1914இல் அவர் தொடங்கிய சஞ்சிகை, கடவுளரையும் எசமானரையும் ஒருசேர மறுக்கும் வாசகத்தை முகப்பில் தாங்கி வந்தது. வழக்குத் தொடரப்படவே ஐரோப்பாவுக்குத் தப்பிச் சென்று, மறு ஆண்டு திரும்பினார். 1916 ஒக்டோபர் 16இல் புரூக்ளினில், நாட்டின் முதலாவது கருத்தடை நிலையத்தைத் திறந்தார். துண்டுப்பிரசுரம் ஆங்கிலம், யிடிஷ், இத்தாலியன் ஆகிய மூன்று மொழிகளில் அச்சாகியிருந்தது. சில நாட்களுக்குள் நானூறுக்கு மேற்பட்ட பெண்கள் வந்தனர்; பின்னர் பொலிசாரும் வந்தனர். அவரது சகோதரி எதெல் பேர்னும் ஒரு தாதிதான். சிறையில் உண்ணாவிரதமிருந்த எதெலுக்குப் பலவந்தமாக உணவூட்டப்பட்டது. சாங்கர் 30 நாள் சிறையிருந்தார்.

1935 டிசம்பரில் வார்தா சென்று காந்தியடிகளுடன் விவாதித்தார். புலனடக்கமே வழியென்றார் காந்தி. இருவரும் இறுதிவரை உடன்படவில்லை.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் உங்களை ஏமாற்றியவனாவேன். மனித இனத்தைத் தரம் பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கையை சாங்கர் ஆதரித்தார். தகுதியற்றவர்கள் என்று சிலரைக் குறித்து, அவர்களது கருவளத்தை நீக்குவதையும் ஏற்றார். கட்டிலருகே நின்றபோது பெயரும் முகமும் உள்ள பெண்ணைக் கண்டவர், மேடையேறியபோது மக்கள் தொகையைக் கண்டார். அக்காலத்தில் பலரும் அப்படித்தான் பேசினார்கள் என்று சொல்லித் தப்பலாம். இங்கர்சோலைக் காட்டில் பேச வைத்தவரின் மகளுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

1960இல் கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் ஆராய்ச்சிக்கு வழிதேடிக் கொடுத்தவர்களில் சாங்கரும் ஒருவர். திருமணமான தம்பதியர் கருத்தடை முறைகளைப் பயன்படுத்தும் உரிமையை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1965இல் ஏற்றது. அடுத்த ஆண்டு, செப்டெம்பர் 6இல், அவர் காலமானார்.

நியூயோர்க்கின் மன்ஹாட்டனில் ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டிருந்தது. அதை அகற்றுவதாக, அதை நடத்திய குடும்பத் திட்ட அமைப்பே 2020இல் அறிவித்தது. அம்முடிவு சரியென்றே நினைக்கிறேன். நூலை மட்டும் என் அலுமாரியிலிருந்து எடுத்துவிட மனம் வரவில்லை.